பின்பக்கத்துக் கரி

ஊத்துக்கோட்டை
24 அக்டோபர் 2024

மெர்சிக்கா,

பதினோரு தடவை போன் அடித்துவிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. பன்னிரண்டாவது தடவை அடிக்க வெட்கமாக இருந்தது. தபாலாபீசுக்குப் போய்க் கவர் வாங்கிவந்தேன். புதுவாயலில் உங்கள் வீட்டு விலாசம் எனக்குத் தெரியாது என்பது அதன் மேல் எழுத உட்கார்ந்தபோதுதான் நினைவுக்கு வந்தது. நான்கு வருஷமாக லேப் மேஜையில் ஒரே டப்பாவிலிருந்து சாப்பிட்டிருக்கிறோம். சர்ச்சுக்குப் பின் தெரு, எட்வர்ட் வீடு என்று எழுதியிருக்கிறேன். வந்து சேர்ந்தால் என் அதிர்ஷ்டம்.

வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. விசாரணை முடியும்வரை கும்மிடிப்பூண்டிப் பக்கமே வரக் கூடாது என்று மேனேஜர் கொடுத்த தாளை அப்பா பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டாலும் உள்ளுக்குள் அவருக்குச் சந்தோஷம்தான். பெண் நிலக்கரியைச் சுட்டுக் கோக் ஆக்கும் ஆலையில் கரிப்பொடியோடு நிற்பது அவருக்குப் பிடித்ததே இல்லை. நெல்லைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இரு என்கிறார். நான் நெல்லைப் பார்த்தபடியே பகலில் தூங்கிப்போகிறேன்.

தூங்கினால் ஒரே கனவு. லேப் மேஜையில் அந்தச் சின்னக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கின்றன, வரிசை முடியவே இல்லை. ஒவ்வொரு மூடியாகத் திறக்கிறேன். எல்லாவற்றிலும் கரி உப்பி, சுவரில் தொங்கும் அட்டையில் ஏழாவது படத்தில் இருப்பது மாதிரியே அழகாக இருக்கிறது. ஆசையாகத் தொடுகிறேன். கரி அப்படியே இருக்கிறது, என் விரல் தூளாக உதிர்கிறது. வலிக்கவில்லை. விழித்தால் வெளியே மழை பெய்துகொண்டிருக்கிறது.

நடந்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். அக்டோபர் ஐந்தாம் தேதி யார்டுக் குவியலிலிருந்து நீங்கள் பக்கெட்டில் சாம்பிள் கொண்டுவந்தீர்கள். நான்தான் அரைத்தேன். ஒரு கிராம் எடை போட்டதும் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்கியதும் நான்தான். அட்டைப் படங்களோடு ஒப்பிட்டால் உப்பல் ஏழு வந்தது. ஏழு என்றால் கரி நன்றாக இளகி ஒன்றோடொன்று ஒட்டும், கோக் கெட்டியாக வரும். அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் ஓவனிலிருந்து தள்ளியதெல்லாம் தூள். கோக் வாங்கும் வார்ப்படக்காரர்கள் லாரி லாரியாகத் திருப்பி அனுப்பினார்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். குவியலில் எட்டு இடத்தில் எடுத்தீர்கள்தானே? முன்னால் நான்கு, பின்னால் நான்கு. எடுத்திருப்பீர்கள் என்று தெரியும். இருந்தாலும் உங்கள் கையால் எழுதி அனுப்பினால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

அருணா


புதுவாயல்
30 அக்டோபர் 2024

அருணா கண்ணு,

உன் கடிதம் என்னைக் கண்டுபிடித்துவிட்டது. இந்தத் தெருவில் மூன்று எட்வர்ட் இருக்கிறார்கள். மற்ற இரண்டு வீட்டிலும் கொடுத்துப் பார்த்து, அவர்கள் பெண்டாட்டிகள் இரண்டு பேரும் எந்தப் பெண் தன் புருஷனுக்குக் கடிதம் போட்டாள் என்று சண்டைக்குத் தயாரான பிறகு என்னிடம் வந்தது. நல்லவேளையாக யாரும் பிரிக்கவில்லை.

போன் எடுக்காததற்குக் கோபித்துக்கொள்ளாதே. விசாரணை முடிகிறவரை உன்னோடு பேசக் கூடாது என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். அது பாதிக் காரணம்தான். உன் குரலைக் கேட்டால் எனக்கு அன்றைக்கு வேலை ஓடாது.

எட்டு இடத்தில்தான் எடுத்தேன். வழக்கம்போல.

இங்கே ஒரே மழை. விட்டதும் வெயில் அடிக்கிறது, உடனே கரிக் குவியலிலிருந்து ஆவி கிளம்புகிறது. உள்ளே யாரோ உட்கார்ந்து சோறு வடிக்கிற மாதிரி இருக்கும். வெள்ளைக் கொக்கு ஒன்று தினமும் வந்து உச்சியில் நிற்கிறது. சூடு பொறுக்காமல் காலை மாற்றி மாற்றி வைக்கிறது, ஆனால் போக மாட்டேன் என்கிறது. நீ இருந்தால் உனக்குக் காட்டியிருப்பேன். நீ ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்திருப்பாய்.

ஒரு கெட்ட செய்தியும் இருக்கிறது. ஒவ்வொரு சாம்பிளிலும் பாதியைப் பாட்டிலில் போட்டு அலமாரியில் வைப்பாயே, அந்த ஐந்தாம் தேதி பாட்டிலை எடுத்து மோகன்ராஜைத் திரும்பச் சோதிக்கச் சொன்னார்கள். நான்கு வந்தது. உன் நாற்காலியில் இப்போது அவன்தான் உட்கார்ந்திருக்கிறான். சந்தோஷமாக உட்காரவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

கரி கெட்டுப்போகுமா அருணா? மண்ணுக்குள் கிடந்த கல்தானே அது? லோடர் ஓட்டுகிற சின்னதுரையிடம் கேட்டேன். “கல்லு இன்னா தயிராக்கா, புளிச்சிப் போறதுக்கு” என்று சிரித்தான். நீ படித்தவள், நீ சொல்.

நாளைக்குத் தீபாவளி. நல்லெண்ணெய் தேய்த்துக் குளி. சரியாகச் சாப்பிடு.

மெர்சி


ஊத்துக்கோட்டை
5 நவம்பர் 2024

மெர்சிக்கா,

கெட்டுப்போகும். சின்னதுரையிடம் சொல்லுங்கள், தயிரை விட மெதுவாக, ஆனால் நிச்சயமாக.

கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்கடியில் காற்றே படாமல் கிடந்தது அது. வெட்டி எடுத்து, கப்பலில் ஏற்றி, நம் யார்டில் கொட்டிய நாளிலிருந்து காற்று உள்ளே போக ஆரம்பிக்கிறது. மழை நனைக்கிறது, வெயில் காய்ச்சுகிறது, வெடிப்பு விடுகிறது, அந்த வெடிப்பு வழியாக இன்னும் கொஞ்சம் காற்று போகிறது. தீ இல்லாமல் மெல்ல மெல்ல வேகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்த ஆவி அதுதான். கொக்கின் காலைச் சுட்டதும் அதுதான்.

வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அதே கறுப்பு, அதே பளபளப்பு. அடுப்பில் போட்டால் எரியக்கூட எரியும். ஆனால் கோக் ஆக வேண்டுமென்றால் கரி ஓவனுக்குள் முதலில் இளக வேண்டும். தோசை மாவு கல்லில் பரவுவது மாதிரி இளகி, பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு, பிறகு இறுக வேண்டும். நாள்பட்ட கரி இளகாது. எத்தனை சூடு கொடுத்தாலும் ஒவ்வொரு துகளும் தனியாகவே நிற்கும். இதைப் படித்த நாளில் எனக்கு அழுகை வந்தது. ஹாஸ்டலில் எல்லோரும் சிரித்தார்கள்.

பாட்டிலில் இருக்கும் பொடியும் அப்படித்தான், இன்னும் சீக்கிரமாகவே நாள்படும். அதனால் ஏழு கொஞ்சம் இறங்கியிருக்கலாம். ஆனால் மூன்றே வாரத்தில் நான்குவரை இறங்குமா? மூடி இறுக்கமாக இருந்தால் இறங்காது. நீங்கள் எட்டு இடத்தில் எடுத்திருக்கிறீர்கள், சாம்பிளில் குறை இல்லை. ஓவனில் வந்ததும் தூள். எல்லாம் ஒரே பக்கம்தான் கை காட்டுகிறது. அன்றைக்கு நான் எதையோ தவறாகச் செய்திருக்கிறேன், அல்லது வேறு எதையோ பார்த்துக்கொண்டு ஏழு என்று எழுதியிருக்கிறேன். என்ன செய்தேன் என்றுதான் தெரியவில்லை. பகலில் தூங்குகிறவளுக்கு அன்றைக்கு விழித்திருந்தேனா என்பதே சந்தேகமாக இருக்கிறது.

மேனேஜர் போன் செய்தார். கவனக்குறைவு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தால் ராஜினாமாவாக வைத்துக்கொள்வார்களாம். மறுத்தால் வேலைநீக்கம், பிறகு எந்த லேபிலும் கதவு திறக்காது. வரும் 18ஆம் தேதி திங்கட்கிழமை கையெழுத்துப் போட வருகிறேன். அப்பா எனக்காக ஒரு மாப்பிள்ளை ஜாதகத்தை வாங்கி வைத்துவிட்டார். நானும் சரி என்று சொல்லிவிடுவேன் போலிருக்கிறது.

எனக்கு என் கையை விட உங்கள் வார்த்தை மேல் நம்பிக்கை அதிகம் அக்கா. அதனால்தான் மனசு கலங்காமல் கையெழுத்துப் போட முடியும்.

அருணா


புதுவாயல்
9 நவம்பர் 2024

அருணா,

கையெழுத்துப் போடாதே.

உன் கடிதத்தின் கடைசி இரண்டு வரியைப் படித்துவிட்டு நான் சாப்பிடவில்லை. நான் எட்டு இடத்தில் எடுக்கவில்லை. எட்டுப் பிடியும் முன்பக்கம்தான். உன் கை ஒரு தப்பும் செய்யவில்லை. நான் கொண்டுவந்தது ஏழு, நீ எழுதியதும் ஏழு.

நான் மட்டுமில்லை, சாம்பிள் எடுக்கிற நாங்கள் யாருமே ஒரு வருஷமாகப் பின்பக்கம் போவதில்லை. போன வருஷம் எங்களோடு சாம்பிள் எடுத்த பூவம்மாள் பின்பக்கம் ஏறினாள். மேலே குளிர்ந்துதான் இருந்தது. கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது, உள்ளே நெருப்பு மாதிரி கரி. வெளியே இழுத்தபோது செருப்பு பாதத்தோடு ஒட்டியிருந்தது. உங்களுக்கெல்லாம் அவள் வழுக்கி விழுந்தாள் என்று சொன்னார்கள். அவள் வேலையை விட்டுப் போனாள், நாங்கள் பின்பக்கத்தை விட்டோம். சீட்டில் மட்டும் எட்டு இடம் என்று எழுதிக்கொண்டே இருந்தோம்.

இத்தனை நாள் அதனால் எதுவும் கெடவில்லை. லாரி முன்பக்கம் கொட்டும், லோடர் முன்பக்கமே அள்ளும், புதுக் கரி வந்த வேகத்தில் போய்விடும். பின்பக்கம், மதில் ஓரமாகக் கிடப்பது போன வருஷத்துக்கு முந்தின மழையிலிருந்து கிடக்கிறது. அதை யாரும் தொடுவதில்லை. அக்டோபரில் அந்த மழை வாரம் முன்பக்கப் பாதையில் தண்ணீர் நின்றது. சின்னதுரை பின் கேட் வழியாகப் போய்ப் பின்பக்கத்தை அள்ளி ஓவனுக்குக் கொடுத்தான். அவன் அந்தப் பக்கம் திரும்புவதை நான் டீ குடித்துக்கொண்டே பார்த்தேன். கல் கெடாது என்று நினைத்தேன், அது சத்தியம். கெடும் என்று நீ எழுதிய பிறகு அந்தச் சாக்கும் எனக்கு இல்லை.

விசாரணையில் கேட்டபோது எட்டு என்று சொன்னேன். பயம் அருணா. இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் முதுகு போய், எட்வர்ட் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து ஏழு மாதம் ஆகிறது. நான் ஒப்பந்தக் கூலி. என்னை எடுக்க விசாரணைகூடத் தேவையில்லை, கேட்டில் பாஸை வாங்கிக்கொண்டால் போதும். நீ படித்த பெண், நிலம் இருக்கிறது, எப்படியும் தப்பித்துக்கொள்வாய் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். நான்கு வருஷத்தில் நீ ஒரு நாள்கூட யார்டுக்கு இறங்கி வந்ததில்லை. பக்கெட் உன் மேஜைக்கு வரும், நீ ஆசையாகப் பார்ப்பாய். எங்கிருந்து வந்தது என்று கேட்பாய், எப்படி வந்தது என்று கேட்டதில்லை. என் தப்பைக் குறைத்துக்கொள்ள இதைச் சொல்லவில்லை. ரொம்ப நாளாக மனசில் இருந்தது, வந்துவிட்டது.

நீ கையெழுத்துப் போடாதே. ஆனால் மேனேஜர் முன்னால் நின்று சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. இந்தக் கடிதம் உன்னிடம் இருக்கிறது. நீ என்ன செய்தாலும் சரி.

மெர்சி


ஊத்துக்கோட்டை
13 நவம்பர் 2024

மெர்சிக்கா,

உங்கள் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நகல் எடுக்கவில்லை, போட்டோவும் எடுக்கவில்லை.

அப்பா படித்துவிட்டார். “இத்த எடுத்துக்கினு போய் மேனேஜர் மேஜை மேல வெச்சா முடிஞ்சுது. இன்னாத்துக்குத் திருப்பி அனுப்புற?” என்று கேட்டார். என்னை வீட்டோடு இருக்கச் சொன்னவரே இதைப் படித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பிவிட்டார். பஸ் ஸ்டாண்டுவரை ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். மகளைத் திருடி என்று யாரோ சொன்ன மாதிரி அவருக்குக் கோபம்.

எனக்கும் கோபம்தான். ஒரு மாதம் என் விரலை நானே சந்தேகப்பட்டேன் அக்கா. பால் காய்ச்சும்போதுகூட அளவு சரியா என்று இரண்டு தடவை பார்த்தேன். கனவில் என் கை உதிர்கிறது என்று உங்களுக்குத்தான் எழுதினேன். அதைப் படித்துவிட்டு எண்ணெய் தேய்த்துக் குளி என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

யார்டுக்கு வரவில்லை என்றீர்கள். உண்மை. பூவம்மாள் வழுக்கி விழுந்தாள் என்றதும் நம்பினேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேலையை விட்டு நீக்கட்டும். ஆனால் உங்களை எழுத்தில் பிடித்துக் கொடுக்கவும் மாட்டேன். சொல்வதானால் நீங்கள் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் இனி எனக்கு எழுதாதீர்கள்.

அருணா


புதுவாயல்
19 நவம்பர் 2024

அருணா,

சொல்லிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

உன் கவர் சனிக்கிழமை வந்தது. உள்ளே என் எழுத்தையே பார்த்ததும் நீ என்னை அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உட்கார்ந்திருந்தேன், ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. கண்ணை மூடினால் கரிக் குவியல் வந்தது. அதன் மேல் நீ பாவாடை சட்டையோடு சின்னப் பெண்ணாக நடந்து போகிறாய், கால் உள்ளே போகப் போகிறது, நான் கூப்பிடுகிறேன், என் தொண்டையில் சத்தம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை சின்னதுரையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் லோடரைப் பின் கேட் வழியாக ஓட்டிப்போய், பின்பக்கத்துக் கரியை ஒரு தடவை வாரி அள்ளி, லேப் வாசலில் கொண்டுவந்து கொட்டினான். யாரும் மேலே ஏறவே தேவையில்லை. இத்தனை நாள் இது ஏன் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை என்று அங்கேயே நின்று இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நீ வந்து கையெழுத்துப் போடுவாய் என்று மேனேஜர் லேபில் தாளோடு காத்திருந்தார். நான் உள்ளே போனேன். முன்பக்கத்துக் கரி ஒரு பக்கெட், சின்னதுரை கொட்டியதில் ஒரு பக்கெட், இரண்டும் கையில் இருந்தன. “சாம்பிள் எட்டு எடத்துல எடுக்கல சார். முன்னாடி மட்டுந்தான் எடுத்தேன். அந்தப் பொண்ணு போட்ட நம்பரு சரி, பொய் சொன்னது நான்” என்றேன். அவர் எழுந்திருக்கவே இல்லை. நான்தான் இரண்டு பக்கெட்டையும் மோகன்ராஜ் முன்னால் வைத்து, இங்கேயே போடு என்றேன்.

இரண்டு கிண்ணம் வைத்தான். முன்பக்கத்துக் கரி நன்றாக உப்பி வந்தது, ஏழு. பின்பக்கத்தைக் கவிழ்த்தான். போட்ட மாதிரியே தூளாகக் கொட்டியது. மோகன்ராஜ் மெதுவாக, அந்த ஐந்தாம் தேதி பாட்டிலை எடுத்தபோது மூடி தளர்ந்திருந்தது, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றான். யாரும் கேட்காததால் எத்தனை பேர் எத்தனை விஷயத்தை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

பத்தரைக்குள் ஒப்பந்ததாரர் என் பாஸை வாங்கிக்கொண்டார். பதினாறு வருஷம். வீட்டுக்கு வந்து எட்வர்டிடம் சொன்னேன். அவர் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். கல்யாணமாகி முதல் தடவை. டீ சகிக்கவில்லை. குடித்துவிட்டு நன்றாக அழுதேன்.

அவர்கள் உன்னைக் கூப்பிடுவார்கள். போ. எண்ணெய் தேய்த்துக் குளி என்று எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதற்கும்தான். ஆனால் அதை எழுதியபோது எனக்கு வேறு எதுவுமே எழுத வரவில்லை.

மெர்சி


கும்மிடிப்பூண்டி
27 நவம்பர் 2024

மெர்சிக்கா,

ஐந்து நாளாக வேலையில் இருக்கிறேன். நாற்காலி கிடைத்துவிட்டது. மன்னிப்புக் கடிதம் ஒன்றும் கொடுத்தார்கள், அதில் என் இனிஷியல் தப்பு. அப்பா ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீரராகவன் பெண்ணுக்கு ஆலையில் மரியாதை என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

முதல் நாளே யார்டுக்கு இறங்கினேன். மதில் ஓரமாகப் பின்பக்கம் போய் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது, சுற்றிலும் ஆவி, ஓவன் எங்கே ஆலை எங்கே என்றே தெரியவில்லை. ஒரு நிமிஷம் ரொம்ப அழகாக இருந்தது. அடுத்த நிமிஷம் ஷூவுக்குள் சூடு ஏறியது. மூன்றாவது நிமிஷம் ஓடிவந்துவிட்டேன். அங்கே நின்று நான்கு பிடி எடுக்கச் சொல்லித்தான் நான்கு வருஷமாக லேபிலிருந்து சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறேன். பூவம்மாள் வீட்டைக் கேட்டு வைத்திருக்கிறேன், இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

எண்ணூரிலிருந்து புதுக் கரி வந்து இறங்குகிறது. உங்கள் இடத்தில் புதிதாக வந்த ஆள் தினமும் பக்கெட் கொண்டுவருகிறார். எத்தனை இடம் என்று கேட்டால், கண்ணைச் சிமிட்டாமல் எட்டு என்கிறார். மூன்று நாளாக நான் எந்தச் சாம்பிளையும் சோதிக்கவில்லை, பக்கெட்டைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். மேனேஜர் கூப்பிட்டுக் கத்தினார். நாளாக நாளாகக் கரி கெடும் என்று எனக்கே பாடம் எடுத்தார். தெரியும் சார் என்றேன். எட்டு என்று சொல்கிற எல்லோரையும் விட, எட்டு இல்லை என்று ஒரு தடவை சொன்ன ஆளைத்தான் நம்பத் தோன்றுகிறது, அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன்.

பொய் சொல்லி மாட்டிய ஆளுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வேண்டும் என்று ஒரு தாளை டைப் அடிக்கச் சொல்லிவிட்டார். இனி மெர்சி எடுக்கும் சாம்பிளில் குறை இருந்தால் அது அருணாவின் குறையாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்று இருந்தது. நீக்கம் என்ற வார்த்தையும் கீழே இருந்தது.

உங்கள் மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். போகவில்லை. போன் செய்தால் எடுக்க மாட்டேன், சாப்பாட்டு டப்பாவைக் கொஞ்ச நாள் தனியாகத்தான் திறப்பேன். அந்தத் தாளை இரண்டு தடவை முழுசாகப் படித்தேன். கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு வந்துவிடுங்கள்.

அருணா